நடத்துநர் விளக்கிய வயிற்றுவலி

"ஏங்க, வயித்த வலிக்குதுங்க!" என்று விடுதிக் கட்டிலில் மனைவி சுருண்டபோது, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒரு காலுக்கு மட்டுமே காலுறை அணிந்திருந்தார்.

சுற்றுலா வந்த அயல்நாடு அது. அந்நாட்டு மொழியில் ஒரு சொல்லும் அவர் அறியார்.

"அசையாம படு. நான் இருக்கேன்ல?" என்று கூறி, மற்றொரு காலுறையைக் கையில் பிடித்தவாறே லிப்டுக்குள் பாய்ந்தார்.

கீழே, வரவேற்பறைப் பெண்ணிடம் அவர் சைகை காட்டி முடிப்பதற்குள் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

"நெனச்சாலே வண்டி வருது! இதுவல்லவோ நாடு!" என்று மெய்சிலிர்த்தார்.

மருத்துவமனையில் செவிலி ஒருத்தி மனைவியை நெருங்கினாள். மணமான நாள்தொட்டு, எந்த மருத்துவரிடமும் மனைவியின் நோயை எடுத்துரைப்பவர் நடத்துநரே. நாக்கை நீட்டுவது மட்டுமே அவள் பங்கு. ஆதலால் அவர் குறுக்கே புகுந்தார். மொழியில்லாக் குறையை நடிப்பால் ஈடுசெய்தார்; தம் வயிற்றைப் பிசைந்தார், முனகினார், கண்களைச் செருகினார்.

செவிலி அவரைப் படுக்கையில் கிடத்தினாள்.

"ஐயோ, எனக்கில்லம்மா! அவளுக்கு!" என்று மனைவியைச் சுட்டினார்.

செவிலி தலையசைத்து, மனைவிக்கு ஒரு நாற்காலி போட்டாள்.

நடிப்பில் உருக்கம் போதவில்லை போலும் என்றெண்ணி, இன்னும் பலமாகத் துடித்துக் காட்டினார். பணியாளர் இருவர் ஓடிவந்து படுக்கையைத் தள்ளினர். பழக்கதோஷத்தால் "ஹோல்டான்!" என்று கூவினார், எவரும் நிறுத்தவில்லை; மனைவியும் பின்னாலேயே வந்தாள். உள்ளே சட்டையைக் கழற்றி, மார்பெங்கும் கம்பிகளை ஒட்டி, இரத்தமும் எடுத்தனர்.

"நீயாவது வாயத் தெறந்து சொல்லேன்! உசிரு போகுதுன்னியே!"

"நீங்கதான் இவ்வளவு நல்லா சொல்றீங்களே. நடுவுல நான் எதுக்குங்க?"

"வெளையாடற நேரமா இது? உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

சற்று நேரத்தில் மருத்துவர் வந்தார். உடன், அவசர உதவி எண்ணில் தமிழருக்காகப் பேசும் மொழிபெயர்ப்பாளரும் வந்தார். நடத்துநருக்குப் போன உயிர் மீண்டது.

"வாங்க தம்பி! இவங்க ஆள மாத்திட்டாங்க. நோயாளி அவ!"

"உங்க இதயக் குழாய்ல சின்ன அடைப்பு இருக்காம் ஐயா. நல்ல நேரத்துல வந்துட்டீங்க, மருந்துலயே சரிபண்ணிடலாம்னு டாக்டர் சொல்றார்."

"எனக்கா? நான் எங்கய்யா எனக்காக வந்தேன்?"

மொழிபெயர்ப்பாளர் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"நீங்க லிப்ட்ல ஏறினதுமே அம்மா எனக்கு ஃபோன்ல சொல்லிட்டாங்க ஐயா, 'எனக்கு ஒரு வலியும் இல்ல, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டே ஒண்ணுமில்லன்னு சுத்தறாரே, அவரப் படுக்கவச்சுப் பாருங்க'ன்னு!"