சில்லில்லாத பஸ்ஸின் கொண்டக்டர்

வன்னியில் எத்தனையோ பஸ் ஓடுகிறது. ஆனால் நேரத்துக்குப் புறப்பட்டு, ஏறிய எல்லோருக்கும் இருக்க இடம் கொடுத்து, ஒருவரையும் நடுவழியில் இறக்கி விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்த பஸ் ஒன்றே ஒன்றுதான். அதற்குச் சில்லு இல்லை, எஞ்சின் இல்லை, டிரைவரும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு கொண்டக்டர். நான் மருந்தாளராக வேலை செய்த ஆஸ்பத்திரியின் புதன்கிழமை மனநலக் கிளினிக்தான் அந்த பஸ்.

கொண்டக்டர் அங்கே ஊழியர் இல்லை. எங்களிடம் மருந்து எடுக்க வந்தவர். நோய் வருவதற்கு முன் உண்மையான பஸ்ஸில் உண்மையான கொண்டக்டராக இருந்தவர். அவருடைய பெயரையும் ஊரையும் நான் எழுதப் போவதில்லை. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்கோ தம்பி. டிரைவர் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. மரியாதை கெட்டுப்போம்" என்றார்.

கிளினிக் நாளில் காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார். கிளினிக் கொப்பி பதிகிற மேசைக்கு அவர் வைத்த பெயர் வவுனியா. நிறையும் பிரஷரும் பார்க்க வரிசையாக இருக்கிற வாங்கு மாங்குளம். டொக்டரின் அறை முறிகண்டி. ஏனென்றால், பிள்ளையாரிடம் நின்று கும்பிடாமல் எந்த பஸ்ஸும் முறிகண்டியைத் தாண்டாது. கடைசியில் என்னுடைய மருந்து ஜன்னல், பளை.

"மாங்குளம் ஆக்கள் முன்னுக்கு வாங்கோ! முறிகண்டியில ரெண்டு பேர் நிக்கினம், அவை வெளிய வந்தாப்பிறகு உள்ளுக்குப் போகலாம். அக்கா, குடையை மடக்குங்கோ, பக்கத்து சீற் ஆளின்ர கண்ணைக் குத்தப்போகுது!"

இதனால் எனக்கு நேர்ந்த கதி என்னவென்றால், விசுவமடுவில் பிறந்து வளர்ந்த என்னை முழுக் கிளினிக்கும் 'பளைத் தம்பி' என்று கூப்பிடத் தொடங்கியது. ஒரு அம்மா, பளையில் எந்தப் பகுதி என்று விசாரித்து, எனக்குச் சம்பந்தம் பேசுகிற அளவுக்குப் போனார்.

நான் அப்போது புதிது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் மற்றவர்களின் வயலில் நாற்று நட்டு, களை பிடுங்கி என்னைப் பல்கலைக்கழகம் அனுப்பினார்கள். அதனால் படித்ததில் ஒரு சொல்லைக்கூட வீணாக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. முதல் புதன்கிழமை, ஒரு குளிசைக்கு இருபது நிமிடம் விளக்கம் கொடுத்தேன். வாய் காயும், நித்திரை வரும், நிறை கூடும், வெயிலில் நிற்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனேன். வரிசை வாசல் வரை நீண்டது. வெளியே கொண்டக்டரின் குரல் கேட்டது.

"பளையில பிரசங்கம் நடக்குது! பஸ் அரை மணித்தியாலம் நிக்கும். தேத்தண்ணி குடிக்கிற ஆக்கள் குடிச்சிட்டு வாங்கோ, ஒண்டுக்குப் போற ஆக்களும் போட்டு வாங்கோ!"

உண்மையாகவே பாதிப் பேர் எழுந்து போனார்கள். அடுத்த கிழமையிலிருந்து என் விளக்கத்தை ஐந்து நிமிடமாக்கினேன். எழுத்துத் தெரியாதவர்களுக்காக மருந்துப் பைகளில் சூரியனும் சந்திரனும் வரையத் தொடங்கினேன். முதல் பையை எடுத்துப் பார்த்த கொண்டக்டர், "சூரியன் நல்லாக் கிடக்கு. சந்திரனை ஆரோ கடிச்சுப்போட்டினம்" என்றார்.

அவருடைய பகிடியை மட்டும் சொன்னால் அவரைப் பாதிதான் சொன்னதாகும். ஒரு புதன்கிழமை, நடுவயதுப் பெண் ஒருவர் கேற்றுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். கொப்பியைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்திருந்தார். ஊர்ச்சனம் கண்டுவிடும் என்ற பயம். தாதி போய்க் கூப்பிட்டும் வரவில்லை. கொண்டக்டர் போனார். கூப்பிடவில்லை. பக்கத்தில் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, இந்த பஸ்ஸில ஆரும் ஆரையும் பாக்கிறேல்ல. ஏறினதும் எல்லாரும் வெளியிலதான் பாப்பினம். உங்களுக்கு ஒரு ஜன்னல் சீற் பிடிச்சு வைச்சிருக்கிறன்."

அந்தப் பெண் ஏறினார். பிறகு ஒரு புதனும் தவறவிடவில்லை.

கொண்டக்டருக்கு இருந்தது, மனம் ஒரு காலத்தில் அளவுக்கு மேல் துள்ளி, இன்னொரு காலத்தில் அடியோடு விழுந்துவிடும் நோய். துள்ளிய காலத்துக் கதைகளை அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். மூத்த மகளின் கலியாணத்துக்கு மூன்று நாள் முன்பு, நித்திரையே இல்லாமல் நடுறோட்டில் நின்று, வந்த பஸ்களையெல்லாம் மறித்து, உள்ளே இருந்த அத்தனை பேரையும் கலியாணத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். கலியாணத்தன்று முன்பின் தெரியாத சனம் மூன்று பஸ் நிறைய வந்து இறங்கியது.

"எல்லாரும் வந்தவை தம்பி. எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டவை. நான் மட்டும் இல்லை." இந்த இடத்தில் அவர் சிரிப்பு நின்றுவிடும். "பிள்ளைக்குத் தாலி கட்டேக்க நான் ஆஸ்பத்திரி வாட்டில படுத்திருந்தனான்."

அதற்குப் பிறகுதான் அவருக்கு லித்தியம் தொடங்கினார்கள். ஆறு வருடமாக ஒரு நாள்கூடத் தவறாமல் குடித்தார், ஆறு வருடமும் வாட்டுக்கு வரவில்லை. ஆனால் லித்தியம் கொஞ்சம் கோபக்கார மருந்து. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரோடு வெளியே போக வேண்டிய மருந்து உடம்பிலேயே தங்கி நஞ்சாகிவிடும். அதை அவருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். அவரும் பாடமாக்கி ஒப்பிப்பார். "தண்ணி நல்லாக் குடிக்கோணும், சாப்பாட்டில உப்பைக் குறைக்கப்படாது, உடம்பு நோகுது எண்டு கடையில குளிசை வாங்கிப் போடப்படாது, மூண்டு மாதத்துக்கு ஒருக்கா இரத்தம் சோதிக்கோணும். சரியோ பளைத் தம்பி?" நூற்றுக்கு நூறு கொடுத்தேன்.

இரண்டாவது மகளுக்குத் தை மாதம் கலியாணம் பேசி முடிந்திருந்தது. அதற்கு முந்திய ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, கிளினிக்கில் சத்தமே இல்லை. வவுனியா இல்லை, மாங்குளம் இல்லை. சனம் எங்கே இருப்பது, எப்போது எழுவது என்று தெரியாமல் முழித்தது. எட்டிப் பார்த்தேன். கொண்டக்டர் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தார். கால் பின்னியது. வாங்கில் இருந்த ஒருவர் பக்கத்து ஆளின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

"கொண்டக்டர் இண்டைக்குப் போட்டிட்டு வந்திருக்கிறார் போல."

என் ஜன்னலுக்கு வந்து கொப்பியை நீட்டினார். கை உதறிய உதறலில் கொப்பி கீழே விழுந்தது. மது மணக்கவில்லை. அந்த மனிதர் வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொட்டதில்லை.

"அண்ணை, என்ன சாப்பிட்டனீங்கள்?"

"சாப்பிடேல்ல தம்பி." நாக்குக் குழறியது. "கந்தசட்டி எல்லோ. இண்டைக்கு நாலாம் நாள்."

"ஒண்டுமே சாப்பிடேல்லையோ?"

"பின்னேரம் ஒரு பிடி உப்பில்லாச் சோறு. ஒரு செம்பு தண்ணி. அவ்வளவுதான். பிள்ளையின்ர கலியாணம் மட்டும் எனக்குத் தலை குழம்பாமல் இருக்கோணும் எண்டு முருகனுக்கு நேத்தி."

"குளிசை?"

"அதை விடுவனோ! ஒரு நாளும் விடப்படாது எண்டு நீங்கள் சொன்னனீங்கள் எல்லோ."

"உப்பைக் குறைக்கப்படாது எண்டும் சொன்னனான்தானே அண்ணை!"

"சாப்பாட்டில குறைக்கப்படாது எண்டுதானே சொன்னனீங்கள். விரதம் சாப்பாடில்லையே."

அவரில் பிழையில்லை. சாராயம் குடிப்பீர்களா, தேநீர் எத்தனை தரம், வேறு மருந்து உண்டா என்று பல்கலைக்கழகத்தில் சொல்லித் தந்த அத்தனை கேள்வியையும் எல்லோரிடமும் கேட்டேன். விரதம் பிடிப்பீர்களா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. என் அம்மாவே வருடா வருடம் கந்தசஷ்டி பிடிக்கிறவர். அதே வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை.

ஜன்னலைத் திறந்தபடியே விட்டுவிட்டு டொக்டரிடம் ஓடினேன். அவர் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. லித்தியத்தை நிறுத்தினார். இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை காத்திராமல் கட்டிலில் படுக்க வைத்து சேலைன் ஏற்றச் சொன்னார். தாதி ஊசியோடு நெருங்கினார். கொண்டக்டர் மேலே தொங்கிய போத்தலைப் பார்த்தார்.

"அதுக்குள்ள என்ன தம்பி?"

மருந்து என்று சொல்லியிருக்கலாம். மருந்தைப் பற்றி நோயாளிக்கு ஒருபோதும் பொய் சொல்லக் கூடாது என்று நோட்ஸ் எழுதிய பிள்ளை நான்.

"உப்புத் தண்ணி அண்ணை."

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "உப்போ? வேண்டாம்! இன்னும் ரெண்டு நாள்தான் கிடக்கு."

"வாயால போகேல்லையே அண்ணை, கையாலதானே போகுது."

"முன் கதவால ஏறினா என்ன, பின் கதவால ஏறினா என்ன, ரெண்டும் பஸ்ஸுக்குள்ளதானே!"

தாதி கெஞ்சினார். செய்தி கேட்டு ஓடிவந்த கொண்டக்டரின் மனைவி அழுதார். டொக்டர் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "நேரம் போகப் போக வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். நீர்தானே அரிச்சந்திரன் மாதிரி உண்மை சொன்னீர்? நீரே போய்ச் சமாளியும்."

கட்டிலில் போய் இருந்தேன். கலியாணத்துக்கு நிற்க வேண்டும் என்று பிடித்த விரதமே அவரைக் கலியாணம் பார்க்க விடாமல் செய்யப் போகிறது. இதை அவருக்கு எப்படிச் சொல்வது? லித்தியத்தின் கதையை முதலிலிருந்து தொடங்கினேன். கண்ணை மூடிக்கொண்டார். படித்ததெல்லாம் தீர்ந்துபோன பிறகு கேட்டேன்.

"அண்ணை, பஸ் நடுவழியில பழுதானா என்ன செய்வியள்?"

கண் திறக்காமலே பதில் வந்தது. "பின்னால வாற பஸ்ஸில சனத்தை ஏத்தி விடுவம்."

"டிக்கெட்?"

"அதே டிக்கெட்தான். புதுசு எடுக்கத் தேவையில்லை."

"அப்ப ஏத்தி விடுங்கோ. பின்னால வாற பஸ் நான். மிச்சம் ரெண்டு நாளும் உங்கட நேத்தியை நான் பிடிக்கிறன்."

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "உப்பில்லாமல்?"

"உப்பில்லாமல்."

"நம்பேலாமக் கிடக்கு. போன புதனும் உங்கட ஜன்னலுக்குள்ளால கொத்துரொட்டி மணந்தது."

"முருகனாணைப் பிடிப்பன்."

மற்றக் கண்ணையும் திறந்தார். பிறகு கையை நீட்டினார். எனக்கில்லை, தாதிக்கு.

இருபத்தேழு வயது வரை ஒரு நேரச் சாப்பாட்டைக்கூடத் தவறவிடாதவன் நான். அடுத்த நாள் பத்து மணிக்கே கண் இருண்டது. தாதி பக்கத்து அறையில் சோற்றுப் பார்சலைப் பிரிக்க, கருவாட்டுக் குழம்பின் மணம் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. கொண்டக்டரின் மனைவி வாட்டிலிருந்து என் ஜன்னலுக்கு வந்தார்.

"தம்பி, காலம என்ன குடிச்சனீங்கள் எண்டு அவர் கேட்டு வரச் சொன்னவர்."

"வெறுந்தேத்தண்ணி, அக்கா."

போய்விட்டுத் திரும்பி வந்தார். "தேத்தண்ணி பரவாயில்லையாம். பிஸ்கட் மட்டும் தொட வேண்டாமாம். அதுக்குள்ளயும் உப்பு இருக்காம்."

எதில் எதில் உப்பு இருக்கிறது என்று அவருக்குப் படம் வரைந்து சொல்லிக் கொடுத்ததே நான்தான். பின்னேரம், உப்பில்லாச் சோற்றை முன்னால் வைத்த அம்மா, "ஆருக்காகடா பிடிக்கிறாய்? பொம்பிளை எதும் பாத்திட்டியோ?" என்று சிரித்தார். கிளினிக் விஷயத்தை வீட்டில் சொல்லக் கூடாது. பதிலையும் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

கொண்டக்டருக்கு நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கியது. பேச்சுத் தெளிந்தது. டொக்டர் சில நாள் பார்த்து, குறைந்த அளவில் லித்தியத்தைத் திரும்பத் தொடங்கினார். என் கேள்விப் பட்டியலில் முதல் கேள்வி விரதமானது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வருகிற கத்தோலிக்கச் சனத்திடம் தவக்கால நோன்பைப் பற்றியும் கேட்டேன். ஒரு மீனவர், "கேட்டதுதான் கேட்டியள், எனக்காக ஒரு சிலுவைப்பாதையும் வந்து செய்யுங்கோவன்" என்றார். என் விரதக் கதை அதற்குள் கரை வரை போயிருந்தது.

அவர் வரச் சொல்லியிருந்ததால் தை மாதம் கலியாணத்துக்குப் போனேன். போனேனே தவிர, மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் கதிரை தேடி இருந்தேன். எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. நோயாளியை வெளியில் கண்டால், அவராகக் கதைக்கும் வரை தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அவருடைய நோய் தெரியுமோ தெரியாது. நான் யார் என்று யாராவது கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? என்னால் அவருக்கு ஒரு சங்கடம் வரக் கூடாது.

பட்டு வேட்டியோடு நின்று மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தார். தாலி கட்டும்போது அட்சதை போட்டார். அழவில்லை, துள்ளவில்லை, தகப்பன்மார் நிற்பது போல நின்றார். எனக்கு அது போதும். சாப்பிடாமலே நழுவிவிடலாம் என்று எழுந்தேன்.

"எங்க ஓடுறியள்?"

முழு மண்டபத்தையும் தாண்டி எனக்கு முன்னால் வந்து நின்றார். மாப்பிள்ளையின் தகப்பனும் பெரியப்பாவும் கூடவே வந்திருந்தார்கள். பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி ஆர்?" என்று கேட்டார்.

மருந்தாளர் என்றால் எந்த மருந்து என்று கேட்பார்கள். பக்கத்து வீடு என்று பொய் சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

கொண்டக்டர் என் தோளில் கையைப் போட்டார்.

"இது எனக்காக ரெண்டு நாள் பசி கிடந்த பிள்ளை" என்றார்.

அவர்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கொண்டக்டர் என்னை முதல் பந்திக்குக் கூட்டிக்கொண்டு போய், மாப்பிள்ளையின் தகப்பனுக்குப் பக்கத்தில் இருத்தினார். இலையில் என்னென்ன விழுந்தது என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது. நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். நிமிர்ந்திருந்தால் கண்ணைத் துடைக்க வேண்டி வந்திருக்கும்.