சின்னவர் சிப்பி மட்டும் சாகவில்லை

உப்பங்கழியில் எல்லோருடைய சிப்பியும் செத்துவிட்டது. சின்னவருடைய சிப்பி மட்டும் சாகவில்லை. இதை வைத்துக்கொண்டு ஊரில் எப்படி நடமாடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

என்ன நோய் என்று மீன்துறை ஆள் வந்து விளக்கிவிட்டுப் போயிருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி ஒன்று சிப்பிக்குள் புகுந்து உள்ளிருந்தே தின்கிறதாம். சிப்பி வளர்ந்து கொழுத்து விலைக்குப் போகிற நேரம் பார்த்து வாயைப் பிளந்துவிடுகிறதாம். மனிதர் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரு சிப்பிகூடக் கழியைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கூடையில் வளர்த்ததும் போயிற்று, பாறையில் தானாக விளைந்ததும் போயிற்று. கரை முழுக்க வெற்று ஓடுகள் குவிந்து கிடந்தன.

சின்னவருடைய பண்ணையையும் அவர் அண்ணன் பெரியவருடைய பண்ணையையும் பிரிப்பது ஒரே ஒரு கயிறுதான். பெரியவர் வெளியூரிலிருந்து உயர்ந்த ரகக் குஞ்சாகப் பார்த்து வாங்கிப் போட்டவர். சின்னவருக்கு அதற்கெல்லாம் கை வராது. முகத்துவாரத்துப் பாறையில் ஒட்டிக்கிடந்த காட்டுக் குஞ்சுகளைச் சுரண்டிக் கொண்டுவந்து கூடையில் போட்டார். அந்தப் பாறையை அதற்குப் பிறகு மணல் மூடிவிட்டது. அப்போது ஊரே சிரித்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது.

"எல்லாரோடதும் போச்சு, உன்னோடது மட்டும் எப்படிப்பா கல்லு மாதிரி நிக்குது?" என்று வலை பின்னுகிறவர் கேட்டார். கேள்வி சாதாரணமானதுதான். கேட்ட விதம் சாதாரணமாக இல்லை.

ஊரையாவது தள்ளிவிடலாம். அண்ணனைத் தள்ள முடியுமா? பெரியவர் பிறவியிலேயே பேச்சில் கருமி. இப்போது அந்தக் கொஞ்சமும் நின்றுபோனது. தினம் காலையில் பலகைமேல் நடந்து வருவார். தம்பியின் கூடை ஒன்றைத் தூக்கி, ஒரு சிப்பியை எடுத்து விரலால் தட்டிப் பார்ப்பார். அது வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். மறுபடி தண்ணீரில் இறக்கிவிட்டு, தம்பி முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விடுவார். அப்பா இறந்த பிறகு அப்பாவாக இருந்தவர் அவர். அந்த முகம் திரும்பிக்கொண்டதில் சின்னவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"இது பங்காளிக் காய்ச்சல் மாப்பிள்ளை. இதுக்கு மருந்து கிடையாது" என்றார் மாமியார். அவர் மகளைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர். வந்து வருஷக்கணக்காகிறது.

சின்னவர் ஒரு நாள் காலை துணிந்து அண்ணனிடம் சமாதானம் பேசினார். "வருத்தப்படாதீங்க அண்ணே. என்னோடதும் இன்னைக்கோ நாளைக்கோ போயிடும்."

"வாயை மூடுடா" என்றார் பெரியவர். பல நாளைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அதுதான். பேசியவர் விறுவிறுவென்று போய்விட்டார்.

சின்னவர் சொன்ன சொல் ஊருக்குள் பரவியது. அன்றிலிருந்து, டாக்டர் நாள் குறித்துவிட்ட கிழவர் வீட்டுக்கு வருவதுபோல் ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். "இன்னும் ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டார்கள். ஆகவில்லை என்று சொல்வதற்குச் சின்னவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஊரோடு ஒத்து வாழணும். நீங்க மட்டும் தனியா வாழ்ந்து என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி. சின்னவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. சாகாத சிப்பியைச் சாக வைக்க முடியாது, செத்ததாகக் காட்டலாம் அல்லவா?

ஊர் முழுக்கச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கூடைகளைத் தூக்கினார்கள். உயிருள்ள சிப்பியெல்லாம் சாக்குகளில் ஏறி வீட்டுக் குளியலறைத் தொட்டிக்குப் போனது. காலிக் கூடைகளுக்குக் கரையில் கிடந்த வெற்று ஓடுகளை அள்ளிப் போட்டார்கள். கைக்கு எட்டிய குவியல் அண்ணனுடையது.

மறுநாள் சின்னவர் கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். ஊர் திரண்டு வந்தது. வலை பின்னுகிறவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். டீக்கடைக்காரர் டீயைக் கரைக்கே கொண்டுவந்தார். இத்தனை நாள் இந்த அன்பையெல்லாம் எங்கே பூட்டி வைத்திருந்தார்கள் என்று சின்னவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

பெரியவர் கடைசியாக வந்தார். கூடைக்குள் கையை விட்டு ஒரு ஓட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கூடை ஓடு மாதிரியே இருக்குடா" என்றார்.

"ஒரு வயித்துப் பிள்ளைங்க அண்ணே. ஓடு மட்டும் வேறயாவா இருக்கும்?" பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார் சின்னவர்.

பெரியவர் ஓட்டைக் கீழே போட்டுவிட்டுத் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பா இறந்தபோதுகூட அழாத மனிதர், சிறுபிள்ளைபோல் தேம்பினார். சின்னவரும் அழுதார். அது நடிப்பில்லை. அண்ணன் திரும்பக் கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷம்.

ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்காவது பூசணிக்காய் பேசாமல் கிடக்கும். சிப்பிக்குத் தினம் கடல்தண்ணீர் மாற்ற வேண்டும். குடம் குடமாகச் சுமந்த சின்னவரைப் பார்த்து, எதற்கு என்று ஊர் கேட்டது. மாமியாருக்கு மூட்டுவலி, உப்புத்தண்ணீரில் காலை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அன்றிலிருந்து மாமியார் வாசலுக்கு வரும்போதெல்லாம் நொண்ட வேண்டியதாயிற்று. எந்தக் கால் என்பதில் அவருக்கு ஒரு நிலையில்லை. ஊரில் மூட்டுவலிக்காரர்களுக்கா பஞ்சம்? வைத்தியம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். குளியலறைக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு மாமியாரையே காவலுக்கு உட்கார வைத்தார்கள். வீட்டில் யாரும் குளிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அண்ணனின் பாசம். தம்பி மனசு உடைந்து ஏதாவது செய்துகொள்ளப் போகிறானோ என்று பெரியவர் விடிந்ததும் வந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்தார். எதிரில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவார். அவர் மூச்சு விடுகிற நேரமெல்லாம் தொட்டியில் தண்ணீர் மாற்ற முடியவில்லை. ஒட்டுண்ணி கொல்ல முடியாத சிப்பியை அழுக்குத் தண்ணீர் கொன்றது. பாதிக்கு மேல் நாறிப்போய், கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

"வீட்டுல என்னடா வாடை?" என்று பெரியவர் கேட்டார்.

"அம்மாவோட கால் தைலம் மாமா" என்றாள் மனைவி. மாமியார் மகளை ஒரு பார்வை பார்த்தார்.

மீதியைக் கடலில் விட்டால் ஊர் பார்க்கும், வெளியே விற்றால் மீன்துறை பிடிக்கும். "வயித்துக்குள்ள போயிட்டா எவனும் வந்து தேட மாட்டான்" என்று மாமியார் தீர்ப்புச் சொன்னார். அவித்தார்கள், வறுத்தார்கள், வதக்கினார்கள். வேளாவேளைக்குச் சிப்பி தின்று, கதவு சாத்துகிற சத்தம் கேட்டாலே சின்னவருக்கு ஓடு மூடுகிற ஞாபகம் வந்தது. குஞ்சிலிருந்தே தன் கையால் வளர்த்தவை. அண்ணனுக்காக விழுங்கினார்.

கடைசிச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கிய மத்தியானம் பெரியவர் உள்ளே நுழைந்துவிட்டார். மறைக்க நேரமில்லை. டவுனில் வாங்கியது, வேறு கடல் சரக்கு என்று சொல்லி மனைவி தட்டை வைத்தாள். பெரியவர் நிதானமாக, ஒன்று விடாமல் சாப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம கழிச் சிப்பி ருசி வராது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று தன் வீட்டுக்குப் போனார்.

சின்னவர் நீளமாக மூச்சு விட்டார். தொட்டி காலி, சட்டி காலி, அண்ணன் மனசிலும் ஒன்றுமில்லை. இனி நிம்மதி என்று திண்ணமாக நம்பிய அந்த நிமிஷம் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

இறங்கியது ஒரு இளம்பெண். வெளியூர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். கூடவே டிரைவர் பெரிய தண்ணீர்ப் பெட்டி ஒன்றை இறக்கினார். யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்த சின்னவர் வாசலை மறித்து நின்றார். மாமியார் உடனே இரண்டு காலாலும் நொண்டினார்.

"நீங்கதானே தம்பி? உங்க சிப்பியைப் பார்க்கணும்" என்றாள் அந்தப் பெண்.

சின்னவர் பழகிய பாடத்தை ஒப்பித்தார். எல்லோருக்கும் ஆனதுதான் தனக்கும், ஒன்றுகூட மிஞ்சவில்லை, வேண்டுமானால் கூடைகளை வந்து பார்க்கலாம், ஊரே சாட்சி என்றார். குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் சரியாகத் தழுதழுத்தது.

அந்தப் பெண் பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மனைவி அண்ணன் சாப்பிட்ட தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

"சிப்பியை வெளிய கொண்டுபோக அனுமதி வாங்கறதுக்குள்ள நாளாயிடுச்சுங்க" என்றாள் அவள். "உங்க அண்ணன் தினம் காலையில எனக்கு போன் பண்ணி, 'என் தம்பி சிப்பி இன்னைக்கும் உயிரோட இருக்கும்மா, அதுல குஞ்சு எடுத்தா எங்க ஊரே பிழைச்சுக்கும், சீக்கிரம் வாங்க'ன்னு கெஞ்சுவாரு. கொஞ்ச நாளாத்தான் போன் வரலை. வெளிய சொன்னா கண்ணு பட்டுடும்னு உங்ககிட்டகூட வாயைத் திறக்கலையாமே?"