ப்ரோச்சுக்கு வயசென்ன?

விலையே மதிக்க முடியாது என்று அடையாறு துரைசானி சொன்ன வெள்ளி ப்ரோச்சின் விலை, எடைபோட்டால் இரண்டே கால் ரூபாய். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணமே காலியானபோது, மார்பில் குத்தும் அந்த நகையைப் பாண்டி பஜார் ஜவுளிக்கடை அப்துல் வஹீதிடம் ஒப்படைத்தாள். "இருநூறு வருஷத்துச் சாமான்" என்று சொல்லிவிட்டு ஊட்டிக்கு ரயிலேறினாள். இரண்டு வருஷம் கழித்து இப்போது திரும்பி வந்து, சாயங்காலம் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறாள்.

வஹீத் பெட்டியைத் திறந்தார். கறுத்துக் கிடந்த ப்ரோச் புதுச் சொம்பு மாதிரி பளபளத்தது.

"அன்வரி! இது என்ன கூத்து?"

"அழுக்கா இருந்திச்சுங்க," என்றாள் மனைவி. "அடுத்தவங்க நம்பிக் குடுத்த அமானிதத்தை அழுக்கோடயா திருப்பிக் குடுக்கிறது? புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சேன்."

"அது அழுக்கு இல்லடி, வயசு! பழசை அமுக்கிட்டுப் புதுசை நீட்டுறான்னுல்ல சொல்லுவா? அப்புறம் பஜார்ல எவன் என்னை நம்புவான்?"

பழசுதான் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். வெள்ளிக்கடை சுயம்புலிங்கத்திடம் ஓடினார். அவர் பூதக்கண்ணாடியைப் பின்பக்கத்தில் வைத்தார்.

"நடக்கிற சிங்கம் இருக்கு, அசல் வெள்ளி. சிறுத்தைத் தலை இருக்கு, லண்டன் சரக்கு. பக்கத்துல ஓர் எழுத்து இருக்கு பாருங்க, அதுதான் எந்த வருஷம்னு சொல்லும். இருங்க பாய்."

கைக்கு வந்த வெள்ளியை உரைகல்லில் இழுக்காமல் சுயம்புலிங்கத்துக்குப் பேச்சு வராது. இழுத்தார். புளியில் பாதி தேய்ந்திருந்த எழுத்து, கல்லில் மீதியும் போனது.

"எந்த வருஷம் அண்ணாச்சி?"

"ஊரு லண்டன்தான். வயசு... இப்பத்தான் போச்சு."

"அல்லாவே!"

"பதறாதீங்க. அவிச்ச முட்டையோட டப்பாவுல போட்டு மூடுங்க. பழையபடி கறுத்துரும்."

ஒரு முட்டை எதற்குக் காணும் என்று வஹீத் ஆறு போட்டார். சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் ப்ரோச் தோசைக்கல் நிறத்தில் இருந்தது; வாடை வேறு.

அடையாறு பங்களாவில் துரைசானி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"அதேதான்," என்றாள் கடைசியில். கண் கலங்கிவிட்டது. "ரொம்ப பத்திரமா வெச்சிருக்கு."

ஆனந்தக் கண்ணீர்! வஹீதுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. சலாம் வைத்துவிட்டு, இரண்டு வருஷப் பாரம் இறங்கிய தோளோடு வாசலுக்கு வந்தார்.

கேட்டருகே பட்லர் அம்மாசி தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னா பாய், இப்டி பண்ட்ட? அம்மா தலையில மாமியார்க்காரி கட்டிவுட்ட சாமான் மொத்தம் நாலு. தொலைஞ்சா போதும்னு, தொலைக்கிற மூஞ்சியா பாத்துப் பாத்துக் குடுத்துட்டுப் போச்சு அம்மா. மூணு தொலைஞ்சிச்சு, உன்னால ஒண்ணு பாக்கி நிக்குது!"