மாமாவின் வள்ளத்தை நான் பளபளப்பாக்கிய விதம்

ஒரு வள்ளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நான் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறேன். அந்த வள்ளம் மூழ்கவில்லை, யாரையும் மூழ்கடிக்கவும் இல்லை. கரையில் மணலில் சும்மா கிடந்தது. அதைச் சும்மா கிடக்க விடாதது நான்தான்.

நான் பூதப்பாண்டிப் பக்கம். எங்கள் வீட்டில் கடல் என்பது லீவு நாளில் சுண்டல் தின்றபடி பார்க்கிற பொருள். கல்யாணம் செய்து போனதோ புதுக்கடைக்குத் தெற்கே ஒரு கடற்கரை வீட்டுக்கு. காதல் கல்யாணம். அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் வேறு சபை. கணவர் மஸ்கட்டில். வீட்டில் மாமா, மாமி, நான்.

மாமி பரவாயில்லை. மாமாதான் பயம். எட்டு மாதத்தில் அவர் என்னிடம் பேசியது மொத்தம் மூன்று: "ம்", "சரி", "கதவச் சாத்து". அவர் முற்றத்தில் இருமினாலே நான் எழுந்து நிற்பேன் (ஒருமுறை குளியலறைக்குள்ளேயே எழுந்து நின்றிருக்கிறேன்). மகன் பிடித்த பிடியில்தான் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். என்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்றே முடிவு கட்டியிருந்தேன்.

அவருக்குப் பிடித்தது அவருடைய வள்ளம். கருநீல ஃபைபர் வள்ளம். புதிதில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பாள் மாமி. வெயிலும் உப்பும் தின்று இப்போது சாம்பல் பூசியதுபோல வெளிறிக் கிடந்தது. ஊர்த் திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு ஃபாதர் ஜெபம் சொல்லி வள்ளங்களை மந்திரிப்பார். அதற்கு நான்கு நாள் முன்பு வேளாங்கண்ணிக்குக் கிளம்பிய மாமா, வள்ளத்தை ஒருமுறை தடவினார். உள்ளங்கையில் ஒட்டிய வெள்ளைப் பொடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அடுக்களை ஜன்னல் வழியாக நான் அதைப் பார்த்துத் தொலைத்தேன். என்னுடைய எம்.எஸ்சி. வேதியியல் விழித்துக்கொண்டது.

"மாமி, அது அழுக்கில்ல. ஆக்சிடேஷன். மேலாப்புல செத்துப்போன தோல மட்டும் எடுத்துட்டு மெழுகு போட்டா பழையபடி மின்னும்."

"ஏட்டி, அவரு என்னையே அதத் தொட விடமாட்டாரு. ஒனக்குத் தெரியுமா?"

"வீடியோ பாத்தேன் மாமி."

ஜங்ஷனில் கார் பாலீஷ் போடுகிற கடையில் மெஷினை இரவல் வாங்கினேன். முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவி, தென்னை நிழல் விழுகிற நேரம் பார்த்து, பாலீஷ் காம்பவுண்டுப் பசையைத் தடவி மெதுவாக ஓட்டினேன். சாம்பல் விலகி நீலம் எழுந்து வந்தது. இடது பக்கம் முழுக்கக் கண்ணாடி! போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "அப்பாவுக்குத் தெரியுமா?" அடுத்தது: "ஜெபா, நிறுத்து."

நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி மின்னி பாதி வெளிறிய வள்ளத்தை அவரிடம் காட்ட முடியுமா?

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் மாமா வருகிறார். நிழல் நகர்ந்து போனதைக் கவனிக்காமல் நட்டுச்சி வெயிலில் வலது பக்கத்தை முடித்துக்கொண்டிருந்தேன். கறுத்த வள்ளம் தோசைக்கல்லாகக் கொதித்தது. தடவிய காம்பவுண்டு தொட்டவுடன் காய்ந்தது. முன்பக்கம் ஒரு இடம் மட்டும் மின்ன மாட்டேன் என்றது. அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். மெஷினின் சத்தம் மாறியது. கருகல் வாசம் வந்தது. எடுத்துப் பார்த்தால், கருநீலத்தின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெள்ளை வட்டம்.

வெள்ளை வள்ளமாக இருந்தால் அது ஒரு தழும்பு. கறுத்த வள்ளத்தில் அது பௌர்ணமி.

மணலில் உட்கார்ந்து அழுதேன். பூதப்பாண்டிக்கு அடுத்த பஸ் எப்போது என்றுகூட யோசித்தேன். ஐந்து மணிக்கு இரண்டு மணி நேரம் இருந்தபோது, கணவரின் கறுப்பு ஷூ பாலீஷ் ஞாபகம் வந்தது. கறுப்பு மட்டும் போதாது. துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தையும் சேர்த்துத் தேங்காய்ச் சிரட்டையில் குழைத்துப் பூசினேன். அச்சு அசல் கருநீலம். பத்தடி தள்ளி நின்றால் எனக்கே இடம் தெரியவில்லை.

மாமா வந்தார். வள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். இடது பக்கத்தில் அவர் முகம் தெரிந்தது. அதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். வாசலுக்கு வந்து, "நீயா?" என்றார்.

"ஆமா மாமா."

"ம்."

அந்த 'ம்' வழக்கத்தைவிட நீளம். சந்தோஷப்பட்டுவிட்டார்! அது என் பயத்தை இரண்டு மடங்காக்கியது.

ஞாயிறு பூசை முடிந்ததும் வள்ளங்கள் வரிசையாக நின்றன. எங்களுடையது ஏழாவது. ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். அவர் நான்காவது வள்ளத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. சொட்டு நீலம் தண்ணீரில் கரையும். (ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எம்.எஸ்சி.க்குத் தெரியவில்லை.)

"அடடே, புது வள்ளமா!" என்று மகிழ்ந்துபோன ஃபாதர், மற்ற வள்ளங்களுக்கு ஒருமுறை தெளித்ததை எங்களுக்கு மூன்றுமுறை தெளித்தார். முன்பக்கத்திலிருந்து நீலமாக ஒரு துளி வழிந்தது. பிறகு ஒரு கோடு. பிறகு பல கோடுகள்.

"எம்மாடி, வள்ளம் அழுவுதே!" என்று ஒரு பெண் கத்தினாள். அற்புதம் என்று நினைத்து இரண்டு பேர் முழங்காலே போட்டுவிட்டார்கள்.

மாமா கையை வைத்தார். உள்ளங்கை நீலமானது. தோளில் கிடந்த துண்டால் ஒரு இழுப்பு இழுத்தார். பௌர்ணமி வெளியே வந்தது.

மாமியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த நான், கால் தன்னால் நகர்ந்து முன்னால் வந்தேன். "மாமா, நாந்தான். அழுத்தித் தேச்சிட்டேன். பெயிண்டு போயிட்டு." ஊரே என்னைப் பார்த்தது.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. வெளிறிப்போயிருந்தது. முந்தின நாள் மத்தியானம் என் முகம் எப்படி இருந்திருக்குமோ, அப்படி இருந்தது.

மாமி அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் வெள்ளை வட்டத்தை நகத்தால் சுரண்டினாள். விரல் நுனியை முகர்ந்தாள்.

"இது பெயிண்டு போனதில்ல. புட்டிப் பசை. ஓட்டைய அடச்சு மேல சாயம் பூசியிருக்கு." மெதுவாகத் திரும்பினாள். "எங்க கொண்டு இடிச்சீரு?"

"அது... அலையத் தடுக்கப் போட்ட கல்லுல... லேசா..."

"எப்பம்?"

மாமா மணலைப் பார்த்தார்.

"கோயில் படியில வழுக்கி விழுந்தேன்னு தோள் வீங்கி வந்தீரே, அப்பமா? தனியா கடலுக்குப் போகமாட்டேன்னு எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போனீரா? ஒரு மாசம் ஒத்தடம் குடுத்தேனே, பாவி மனுசா! அந்தக் கல்லுலயே கெடந்திருந்தா நான் யாருட்ட போய்க் கேப்பேன்?" திட்டிக்கொண்டே வந்த மாமி கடைசி வரியில் அழுதுவிட்டாள்.

ஃபாதர் எட்டாவது வள்ளத்துக்கு மிக வேகமாகப் போனார்.

அன்று மாமி எங்கள் இருவரிடமும் பேசவில்லை. மத்தியானச் சோற்றைப் பின்வாசல் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமாவும் நானும் அந்தப் படியில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து தின்றோம். பாதிச் சோற்றில் அவர் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மக்களே, வெள்ளை தெரிஞ்ச ஒடனே எனக்கு ஒரு போன் பண்ணப்பிடாதா? ரெண்டு பேருமாச் சேந்து நல்லா மறைச்சிருக்கலாம்லா."

பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல 'மக்களே' என்று அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். சோறு புரையேறும் வரை சிரித்தேன். அவரும் சிரித்தார். உள்ளே பாத்திரம் ஒன்று விழுகிற சத்தம் கேட்டதும் இருவரும் சேர்ந்து எழுந்து நின்றோம்.

அதன்பிறகு ஆள் வைத்து அந்த இடத்தை ஒழுங்காகச் சரிசெய்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வெயில் ஏறுவதற்கு முன், மாமாவும் நானும் சேர்ந்துதான் மெழுகு போடுகிறோம். மெஷின் கிடையாது, கையும் பழந்துணியும்தான். அவர் தனியாகக் கடலுக்குப் போவதில்லை. (போனால் நான் மாமியிடம் சொல்லிவிடுவேன் என்று அவருக்குப் பயம்.)

ஆனால் அந்த வீட்டில் இன்றுவரை நான் கையில் ஒரு துணியை எடுக்க முடிவதில்லை. மேசையைத் துடைக்கப் போனாலும் சரி, விருந்தாளிகள் சுற்றி உட்கார்ந்திருந்தாலும் சரி, மாமா இரண்டு கையாலும் தன் வழுக்கைத் தலையை மூடிக்கொள்வார்.

"மக்களே, இங்க வேண்டாம். இது ஏற்கனவே மின்னத்தான் செய்யுது."