இருவாச்சி சிபாரிசு செய்த மிஷின்

ஒரு காட்டில், தண்ணீர் குடிக்கப் போய்க்கொண்டிருந்த புலியின் தலையில், சரியாக இரண்டு காதுகளுக்கும் நடுவே, எச்சம் விழுந்தது. முந்தின நாளும் அங்கேதான் விழுந்திருந்தது. அதற்கு முன்பு முதுகில். புலி அந்தக் காட்டின் ராஜா. நின்று அண்ணாந்து பார்த்தது. ஓடைக்கரை மருத மரம். கிளைகளில் ஒரு பறவையும் இல்லை.

“யாரு?” என்றது புலி.

புலி தலையை மரத்தின் வேரில் தேய்த்துக்கொண்டது.

“இந்த மரத்தை எடுத்துடுங்க.”

“ஆபத்தான மரம்தான் ராஜா. நானே சொல்லணும்னு இருந்தேன்” என்றது கூட வந்த கருமந்தி. அந்தக் காட்டில் மரம் வெட்டும் வேலைகளுக்கு அதுதான் மேஸ்திரி.

மரத்தில் பறவை இல்லை என்பது பாதி உண்மை. அடிமரத்தில் உயரே ஒரு பொந்து இருந்தது. அதற்குள் ஒரு பெண் இருவாச்சி குஞ்சோடு உட்கார்ந்திருந்தாள். இருவாச்சிகளின் வழக்கம் அது. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். அதன் வழியே ஆண் பழம் கொடுக்கும். உள்ளே போனவள் சிறகின் இறகுகளை உதிர்த்துவிடுவாள். குஞ்சு வளர்ந்து, புது இறகு முளைத்து வெளியே வரும்வரை பறக்க முடியாது. வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்காக, பின்பக்கத்தைக் கீறலுக்கு நேராக வைத்து எச்சத்தை வெளியே பீய்ச்சிவிடுவாள். கீழே யார் போகிறார்கள் என்று அந்த நிலையில் பார்க்க முடியாது.

சாயங்காலம் ஆண் இருவாச்சி வந்து கீறலில் பழத்தை நீட்டியது.

“இன்னிக்கும் அத்திதானா?”

“அதை விடு. கொஞ்ச நாளைக்கு உன்னால அடக்கிக்க முடியாதா?”

“நீங்க உள்ள வந்து உட்கார்ந்து பாருங்க, தெரியும்.”

“போயும் போயும் ராஜா தலையிலயா?”

“பராக் சொல்லிக்கிட்டா வர்றாரு? எனக்கென்ன பின்னாடி கண்ணா இருக்கு?”

“மரத்தை வெட்டப் போறாங்க.”

உள்ளே குஞ்சு கத்தியது.

“இதுக்கு இன்னும் கண்ணே திறக்கலைங்க. போய்ச் சொல்லுங்களேன், உள்ள குடும்பம் இருக்குன்னு.”

“உங்க தலையில போனது என் வீட்டுக்காரிதான்னு சொல்லவா? மரத்தை விட்டுடுவார். நம்மளைத் தின்னுடுவார்.”

ஆண் இருவாச்சியும் அதே மரம் வெட்டும் குழுவில்தான் வேலை பார்த்தது. மேலே பறந்து எந்தக் கிளை பட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும். கருமந்தி ஏறி வெட்டும். யானை கீழே நின்று இழுத்துப் போடும். முன்பொரு தடவை வெட்டின கிளைகளைப் பாதையிலேயே குவித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். புலியின் பாதத்தில் முள் ஏறிவிட்டது. அன்றைக்கு ஓர் உத்தரவு வந்தது: இனிமேல் பாதையில் ஒரு குச்சிகூடக் கிடக்கக் கூடாது, கிளை விழுந்த இடத்திலேயே அதை மிஷினில் கொடுத்துத் தூளாக்க வேண்டும், மிஷின் மரத்தடியில் வந்து நின்ற பிறகுதான் முதல் வெட்டு. குழுவிடம் மிஷின் கிடையாது. அதனால் அதற்குப் பிறகு ஒரு மரமும் வெட்டப்படவில்லை. புகாரும் இல்லை. குழுவுக்கு நல்ல பெயர் வந்திருந்தது.

இப்போது மிஷின் வாங்கியாக வேண்டும்.

விற்பனைக்குக் கொக்கு வந்தது. வெள்ளைவெளேரென்று, ஒற்றைக் காலில். காட்டோர மைதானத்தில் மூன்று மிஷின்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. மூன்றுக்கும் ஒரே வேலைதான். ஒரு பக்கம் வாய், இன்னொரு பக்கம் வளைந்த கழுத்து. வாயில் கிளையைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் பல் உருளை பிடித்து இழுத்துக்கொள்ளும். கத்திகள் நறுக்கும். கழுத்து வழியாகத் தூள் பீறிடும்.

“கிட்ட வராதீங்க சார். வால் உள்ளவங்க வாலைச் சுத்தி இடுப்புல சொருகிக்கங்க. மேடம், நீங்க காதைப் பின்னால மடிச்சுக்கங்க” என்றது கொக்கு. “எப்பவும் அடிப்பக்கம் முதல்ல போகணும். பக்கத்துல நின்னு கொடுக்கணும், நேர் எதிர்ல நிக்கக் கூடாது. இந்தச் சிவப்புக் கம்பியைத் தட்டினா உருளை நின்னுடும். கம்பி எட்டாத தூரத்துல நிக்கிறவன் மிஷின் ஓட்டக் கூடாது.”

சின்ன மிஷின் மூங்கில் கழியைத் தின்றது. நடு மிஷின் கருமந்தியின் தொடை அளவு கிளையைத் தின்றது. பெரிய மிஷினில் யானையின் முன்னங்கால் அளவு கட்டை போனது. மைதானம் அதிர்ந்தது. தூள் பறந்து கொக்கின் மேலேயே விழுந்தது. அது உதறிக்கொள்ளவில்லை, விற்பனைப் பயிற்சி அப்படி.

யானை மூன்றையும் சுற்றிவந்தது. தூளை மிதித்துப் பார்த்தது.

“நடுவுல இருக்கிறது போதும் தம்பி” என்றது கருமந்தியிடம். “கத்தி கூரா இருக்கு, தூள் நார் நாரா வராம துண்டு துண்டா வருது பாரு. அந்த மருத மரத்துல கிளையெல்லாம் இதுல போயிடும். அடிமரத்தை நான் முழுசாவே இழுத்துடுவேன். முக்கியமா, நம்ம வழியில இது போகும்.”

சரியான பேச்சு. கருமந்தி தலையாட்ட ஆரம்பித்துவிட்டது. நடு மிஷின் அன்றைக்கே மரத்தடிக்குப் போய்விடும். இருவாச்சி இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது.

“நடுத்தரமா?” என்றது சத்தமாக. “மேஸ்திரி, பக்கத்துக் காட்டுக்காரன் கேட்டா என்ன சொல்லுவீங்க? எங்ககிட்ட நடுத்தரமா ஒண்ணு இருக்குன்னா?”

கருமந்தியின் தலை நின்றது.

“ராஜா வேலைங்க இது. ராஜா வந்து பார்க்கும்போது மிஷினோட வாய் ராஜா வாயைவிடச் சின்னதா இருந்தா நல்லாவா இருக்கும்?”

“அதானே” என்றது கருமந்தி.

“சார் சொல்றது கரெக்ட்” என்றது கொக்கு. “நாளைக்கு ஆலமரம் வெட்டச் சொன்னா? எதிர்காலத்தையும் பார்க்கணும் இல்லையா சார்?”

யானை இருவாச்சியின் பக்கம் திரும்பியது. “உனக்கென்ன கிறுக்கா? மருத மரத்துக்குப் போற வழியில, இரட்டைப் பாறைக்கு நடுவுல இது எப்படிப் போகும்? நானே அங்க வயித்தை எக்கிக்கிட்டுத்தான் போறேன்.”

அந்த இடத்தில் இருவாச்சியும் சிறகை மடக்கித்தான் பறக்கும். அதற்கு அந்த அகலம் தூக்கத்திலும் தெரியும். “போகும், போகும். தள்ளினா போகும்” என்று சொல்ல வாயைத் திறந்தது. மனைவிக்கென்று தொண்டையில் சேர்த்து வைத்திருந்த அத்திப்பழம் ஒன்று அலகு நுனிக்கு உருண்டு வந்தது. அவசரமாக அதை விழுங்கிக்கொண்டது.

யானை அந்தப் பழம் போன தொண்டையைப் பார்த்தது. பிறகு தூரத்தில் தெரிந்த மருத மரத்தைப் பார்த்தது. காதை இரண்டு தடவை வீசிக்கொண்டது.

“பெரியதே வாங்குங்க” என்றது. “இழுக்கிறவ நானே சொல்றேன்.”

பெரிய மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். வாயைச் சுற்றி மாலை போட்டார்கள். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினார்கள். புறப்படுவதற்குள் கருமந்தி ஒரு வாழைக்கன்றின் குருத்தைத் தின்றிருந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, யானை சங்கிலியை இழுத்தது.

இரட்டைப் பாறை வரைக்கும் நன்றாகவே போனது. யானை வயிற்றை எக்கி அந்தப் பக்கம் போய்விட்டது. மிஷின் பாதி நுழைந்து நின்றது.

“நிறுத்துங்கக்கா! பின்னாடி எடுத்துக்கலாம்!” என்று கருமந்தி கத்தியது.

யானைக்குக் காது கேட்கவில்லை போலிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு இழு இழுத்தது. கிறீச்சென்று சத்தம் கேட்டது. அதன் பிறகு முன்னாலும் பின்னாலும் மிஷினை அசைக்க அந்தக் காட்டில் எதனாலும் முடியவில்லை.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?”

“நீதானே தம்பி பெரியது கேட்டே.”

கொக்கு ஏற்கெனவே பறந்து போயிருந்தது.

அப்போது புலி தண்ணீருக்கு வந்தது. பாதையை அடைத்துக்கொண்டு நின்ற மிஷினைப் பார்த்தது. கருமந்தி வாலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. புலி மிஷினின் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தது. தன்னுடைய வாயையும் ஒரு தடவை திறந்து பார்த்துக்கொண்டது.

“பெரியதுதான்” என்றது. “வேலை எப்போ ஆரம்பம்?”

“ஆரம்பிச்சாச்சு ராஜா” என்றது இருவாச்சி. “இப்போ மிஷினை நிலைநிறுத்துற கட்டம். ஆபத்தான இடம். வேலை முடியிற வரைக்கும் ராஜா மேல்கரை வழியாத்தான் தண்ணிக்குப் போகணும்.”

“எனக்கே ஆபத்தா?”

“மிஷினுக்கு ராஜா யாருன்னு தெரியாதுங்க.”

புலிக்கு அந்த மரியாதையற்ற மிஷின் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து மேல்கரை வழியாகப் போனது. கொஞ்ச நாளில் குழுவைக் கூப்பிட்டது.

“மிஷின் வந்ததிலிருந்து என் தலையில ஒண்ணும் விழறதில்லை” என்றது. “நல்ல மிஷின். மேல்கரைக்கும் ஒண்ணு வாங்குங்க. இதைவிடப் பெருசா.”

கருமந்திக்குத் தலைமை மேஸ்திரி பட்டம் கிடைத்தது. அது தினமும் காலையில் வந்து மிஷின் மேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது. ஒரு மழையில் மிஷினின் வாயில் தண்ணீர் தேங்கியது. தவளைகள் குடிவந்தன.

“வெளியே என்னங்க நடக்குது? மிஷின் வந்துடுச்சா?” என்று கீறலுக்குள்ளிருந்து கேட்டாள் பெண் இருவாச்சி.

“வந்துடுச்சு. இருக்கிறதிலேயே பெரியது.”

“ஐயோ! சின்னதா ஒண்ணு வாங்கச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“சின்னது வாங்கியிருந்தா இந்நேரம் நீ தூளாகியிருப்பே. இந்தா, அத்திப்பழம்.”

“அத்தியா?” என்றாள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள். குஞ்சுக்குக் கண் திறந்திருந்தது.

மத்தியானம் யானை தண்ணீர் குடிக்க மருத மரத்தடி வழியாகப் போனது. மேலே கீறலிலிருந்து எச்சம் பீறிட்டுப் பாதையின் நடுவில் விழுந்தது. வெள்ளையாக, யார் கண்ணுக்கும் படும்படி. பாறை மேல் உட்கார்ந்து கருமந்தி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தது. யானை நின்றது. முன்னங்காலால் கொஞ்சம் மண்ணை இழுத்து அதன்மேல் போட்டு, பாதத்தால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஓடைக்கு இறங்கியது.

நீதி: ஒரு காரியம் நடக்கவே கூடாது என்று மனதார விரும்புகிறவர்கள் அதை எதிர்த்துப் பேசி நேரத்தை வீணாக்கக் கூடாது. அதற்கென்று இருப்பதிலேயே பெரிய மிஷினைச் சிபாரிசு செய்ய வேண்டும்.