வம்சம் தெரியாத இடம்

மனிதர்களில் மூதாதைப் பிரியர் என்றொரு இனம் உண்டு. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் வடலூர் வருவதற்குள் உங்கள் பூர்வீகத்தைக் கேட்பார், பதிலுக்குக் காத்திராமல் தம்முடைய தலைமுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து உங்கள் மடியில் வைப்பார், சிதம்பரம் போய்ச் சேரும்போது உங்கள் கால் மரத்துப்போயிருக்கும். முன்னாலேயே இறங்கித் தப்பிக்கலாமா? அவரும் அங்கேதான் இறங்குவார்.

பண்ருட்டி கிபாயத்துல்லா இந்த இனத்தில் உயர்ந்த ரகம். மின்விசிறிக் கடை வைத்திருக்கிறார். ஆனால் விசிறி விலை கேட்டுப் போனவருக்கு முதலில் கிடைப்பது, ஏமனிலிருந்து குதிரைகளோடு பரங்கிப்பேட்டையில் கப்பலிறங்கிய அவருடைய முப்பாட்டனாரின் சரித்திரம். நான் முதன்முதலில் கேட்டபோது நான்கு குதிரைகள். சென்ற ரம்ஜானில் நாற்பது. செத்துப்போன குதிரைகள் குட்டி போடுவதை அங்கேதான் பார்த்தேன்.

அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? அவருடைய மகள் அம்ரீனுக்கு நஷ்டம். வந்த வரன்களையெல்லாம் வம்சம் போதவில்லையென்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில், சிதம்பரத்தில் அவளோடு கல்லூரியில் பாடம் நடத்தும் தமீம் அன்சாரி, அவளுக்கும் பிடித்த பையன், மங்கலம்பேட்டையிலிருந்து தன் தாய் சாய்ராவை அழைத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தான். சமோசா ஆறவில்லை, இவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஒங்களுக்குப் பூர்வீகம்?"

"மங்கலம்பேட்டதாங்க," என்றார் சாய்ரா.

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் அதாங்க. நாங்க எங்கயும் போவல."

கிபாயத்துல்லா தட்டைத் தள்ளி வைத்தார். "வம்சம் தெரியாத எடத்துல பொண்ணக் குடுத்தா எங்க கௌரவம் என்னாவுறது?"

சாய்ராவின் முகம் சுருங்கிவிட்டது. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போயும்விட்டார்.

"அத்தா," என்றாள் அம்ரீன். "ஒங்க முப்பாட்டனாரு கப்பல்ல தனியாத்தான வந்தாரு?"

"ஆமா. வீரர்!"

"அப்ப இங்க எந்த ஊருப் பொண்ணக் கட்டுனாரு? அவுங்க பேரு என்னா?"

கிபாயத்துல்லாவின் நாற்பது குதிரைகளில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சரித்திரத்தைக் கேட்டுக் கேட்டு, ஒரு நாளும் தன் பிறந்த வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கப்படாத அவர் மனைவி மெகருன்னிசா, இப்போது முதல்முறையாக வாய் திறந்தார்.

"மங்கலம்பேட்டப் பொண்ணாக்கூட இருக்கும். யாரு கண்டா? நீங்க வந்து ஒக்காருங்க சம்பந்தி."

சம்பந்தி என்று சொன்ன பிறகு பேச என்ன இருக்கிறது? நிக்காஹ் நடந்தது. மனிதர் திருந்திவிட்டார் என்று நம்பி நானும் பிரியாணிக்குப் போனேன். மண்டப வாசலில் அவர் குரல் கேட்டது.

"மாப்ள வீடு யாருன்னு நெனச்சீங்க? பாரசீகத்துலேர்ந்து ஒட்டகத்துல வந்தவுங்க!"

பக்கத்தில்தான் சாய்ரா நின்றிருந்தார். மறுப்பார் என்று பார்த்தேன். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "ஒட்டகம் கொஞ்சம் ஜாஸ்திதான்னு சொல்லுவாங்க," என்றார்.

ஆகவே ஜாக்கிரதையாக இருங்கள், இது தொற்றிக்கொள்ளும் சங்கதி. 'இவர்கள் விடுவது சரடு, ஆனால் எங்கள் கொள்ளுத்தாத்தா இருக்கிறாரே, அவர் நிஜமாகவே…' என்று உங்கள் உதடு சற்றுமுன் அசைந்ததே, நான் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்?