காதுக்கும் பெட்டிக்கும் பதினைந்தடி

எந்த அரசாங்கமும் தன் குடிமக்களின் காதைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது. வயிற்றைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லாத அரசாங்கம்கூட, காது என்று வந்துவிட்டால் ஓர் அலுவலகம் திறந்து, மேஜை போட்டு, அதன் பின்னால் ஒரு அதிகாரியை உட்கார வைத்துவிடும். அப்படி உட்கார்ந்திருந்த ஒலி உரிம அதிகாரி ஒரு நாள் எழுந்தார். அவர் எழுந்தது பெட்டிக்காரிக்குப் போதாத காலம்.

பெட்டிக்காரி என்பது தெரு வைத்த பேர். வீட்டின் பின்பக்கம் பழைய பீரோ கிடந்த எட்டடிக்கு ஏழடி அறையை ஒழித்து, மேஜை மேல் இரண்டு கறுப்புப் பெட்டிகள் வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு முழம்கூட இருக்காது. சின்ன அறையில் உட்கார்ந்து பாட்டைச் சரிபார்க்கவென்றே செய்த ஸ்பீக்கர்கள். ஆம்ப்ளிஃபயர் அவற்றின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். பின்னால் ஒரு வயர், அவ்வளவுதான். மற்ற ஸ்பீக்கர்கள் விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி, எதைப் பரிமாறினாலும் பிரமாதம் என்று சொல்லும். இவை உள்ளதை உள்ளபடி சொல்லும். பாடகருக்கு மூச்சு வாங்கினால் வாங்கியது என்றே சொல்லும்.

"என்னை மாதிரின்னு சொல்லு" என்றாள் அத்தை. அத்தை அவள் புருஷனைப் பெற்றவள். தன் பீரோவை வெளியேற்றிய பெட்டிகள் மேல் அவளுக்குக் கொஞ்சம் காய்ச்சல் உண்டு.

"உங்களை மாதிரிதான் அத்தை. ஆனா இதுக்குப் பின்னால ஒரு திருகு இருக்கு. சத்தத்தைக் குறைச்சுக்கலாம்."

அந்த ஒலி உரிம அலுவலகத்திலிருந்தேதான் வேலை வந்தது. "டோக்கன் எண் இன்னது, கவுண்டர் இன்னது" என்று கூப்பிடும் குரலைப் புதிதாகச் செய்து தர வேண்டும். பழைய குரல் கிணற்றுக்குள் விழுந்தவன் உதவி கேட்பது போல இருந்தது. ஆனால் அரசாங்க வேலையை உரிமம் உள்ள அறையில்தான் செய்ய வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் வேலை போவது மட்டுமல்ல, பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்காகத்தான் அதிகாரி அளவு டேப்போடு வந்தார்.

பெட்டிக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அதிகாரி மேஜையை அளந்தார், சுவரை அளந்தார், அவள் காதிலிருந்து பெட்டி வரைக்கும் அளந்தார்.

"மூணடி" என்றார், சாவுச் செய்தி சொல்வது போல.

"கிட்ட வச்சுக் கேக்கத்தான் சார் இதைச் செஞ்சிருக்காங்க."

"தன்னுள்ளே பலம் கொண்ட எந்த ஒலிபெருக்கிக்கும் மனிதக் காதுக்கும் இடையே பதினைந்தடிக்குக் குறையாமல் இடைவெளி வேணும். கம்பத்துல கட்டுற குழாய் ஸ்பீக்கருக்குப் போட்ட விதி. இன்னும் அமல்ல இருக்கு."

"அறையே எட்டடிதானே சார்?"

"அது அறையோட பிரச்சினை. விதியோட பிரச்சினை இல்லை. சரி, எத்தனை பேர் கேப்பாங்க?"

"நான் ஒருத்திதான்."

"இடுப்புல இருக்கிறது யாரு?"

"என் குழந்தை சார்."

"அப்ப ரெண்டு பேர். பொதுக்கூட்டம்." எழுதிக்கொண்டார். "கூட்டத்துக்கு வாகனம் நிறுத்த இடம் இருக்கா?"

"நடை வண்டி ஒண்ணு இருக்கு. தள்ளி வச்சிடறேன்" என்றாள் அத்தை.

பெட்டிக்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஹெட்போன் மாட்டிக்கிட்டு செஞ்சா?"

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். "காதுக்கும் அதுக்கும் அரை அங்குலம்! அந்தப் பேச்சு என் காதுல விழலைன்னு வச்சுக்குங்க."

பிறகு மனமிரங்கி வழி சொன்னார். ஸ்பீக்கர் உள்ளே இருக்கட்டும், காது வெளியே இருக்கட்டும், கதவு சாத்தியிருக்கட்டும். அடுக்களை வாசல் வரை அளந்து, சரியாகப் பதினைந்தடியில் சாக்பீஸால் கோடு போட்டார். கோப்பில் எழுதினார்: "ஒலி உள்ளே உள்ளது. காது வெளியே உள்ளது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆட்சேபணை இல்லை." தற்காலிகச் சான்று கொடுத்தார். வேலை முடிந்ததும் அலுவலகத்துக்கு வந்து, டோக்கன் எடுத்து, கூப்பிடும்போது கவுண்டரில் நின்று நிரந்தரச் சான்றை வாங்கிக்கொள்ள வேண்டும்.

"சார், சாத்தின கதவு வழியா கேட்டா தும் தும்முனு அடிக்கிற சத்தம்தான் வரும். பேச்சு வராது. வெளியில எனக்குத் தெளிவாக் கேக்கிற மாதிரி கூர்மையா வச்சா, உள்ள இருக்கிறவங்களுக்குக் காது கிழிஞ்சிடும்."

"உள்ளே யாரும்மா இருக்கப் போறது? விதிப்படி உள்ளே காதே கிடையாதே!"

பெட்டிக்காரி அடுக்களை வாசலில் மணைப் பலகை போட்டு உட்கார்ந்து, கதவு இடுக்கு வழியாக வந்த வயரோடு மல்லுக்கட்டி, மூன்று நாளில் முடித்துக் கொடுத்தாள்.

அலுவலகக் கூடத்தில் புதுக் குரல் ஒலித்த முதல் நாள், காத்திருந்த நூறு பேரும் ஒரே நேரத்தில் பல்லைக் கடித்தார்கள். தகரத்தில் ஆணியால் கீறுவது போல இருந்தது. பத்து நிமிஷத்தில் கூடமே காலி. எல்லாரும் தெருவில் போய் நின்றார்கள். தெருவில் நின்றால்? அடடா! சுவர் தாண்டி வந்த குரல் பன்னீர் மாதிரி தெளிவாக இருந்தது.

"கூட்ட நெரிசல் முற்றிலும் ஒழிக்கப்பட்டது" என்று அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார். பாராட்டு வந்தது.

அந்த நேரம் தெருவோடு போன பாட்டுக்காரர் ஒருவர் மயங்கி நின்றுவிட்டார். தேடி வந்து ரகசியம் கேட்டார். பெட்டிக்காரி தலையைக் குனிந்துகொண்டு, "வெளியில உக்காந்து செஞ்சேன் சார்" என்றாள். போதாதா? ஒரே மாதத்தில் ஊரில் இருந்த சின்னச் சின்ன அறையெல்லாம் ஸ்பீக்கரை உள்ளே பூட்டிவிட்டு ஆளை வெளியே உட்கார வைத்தன. "நான் பதினைஞ்சடி" என்றான் ஒருவன். "நான் மொட்டை மாடியில இருந்து" என்றான் இன்னொருவன். அதன் பிறகு வந்த பாட்டையெல்லாம் ரசிக்க, ஜனங்கள் தங்கள் வீட்டில் போட்டுவிட்டுத் தெருவில் நின்று கேட்டார்கள். அப்படிக் கேட்காதவர்களுக்கு ரசனை இல்லை என்று பேராகிவிட்டது.

இதிலெல்லாம் பெட்டிக்காரிக்கு ஒரு காரியமும் ஆகவில்லை. தற்காலிகச் சான்று வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. செவ்வாய்க்கிழமை டோக்கன் எடுத்துத் தெருவில் நின்றாள். அவள் எண் வந்தது. அவள் செய்த குரல்தான், கணீரென்று கேட்டது. குழந்தையோடு ஓடினாள். கவுண்டரை அடைவதற்குள், "அந்த எண் போயிடுச்சும்மா" என்றார்கள். புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை கூடத்துக்குள்ளேயே நின்று பார்த்தாள். குழந்தை வீறிட்டு அழுதது, காதைப் பொத்தினாள், எண் போய்விட்டது.

"இவ்வளவு தெளிவா கூப்பிட்டும் வரலைன்னா என்னம்மா அர்த்தம்? உங்க வேலை மேலயே உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்று அதிகாரி வருத்தப்பட்டார்.

வெள்ளிக்கிழமை அத்தை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். "நாளைக்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவானாமா? பார்த்துடறேன். நீ பஞ்சைக் காதுல வச்சுக்கிட்டு கவுண்டர்ல நில்லு. குழந்தையை என்கிட்ட குடு. நான் தெருவுல நிக்கிறேன்."

"பஞ்சு வச்சா நீங்க கூப்பிடறது எப்படி அத்தை கேக்கும்?"

அத்தை அவளை ஒரு பார்வை பார்த்தாள். "கேக்கும்."

பதினொன்றரை மணிக்கு எண் நூற்றுப் பதினேழு வந்தது.

"ஏ புள்ளே! நம்ம நம்பருடீ!"

பஞ்சைத் தாண்டி, சுவரைத் தாண்டி, இரண்டு கதவைத் தாண்டி வந்தது. கவுண்டரில் இருந்தவர் திடுக்கிட்டு முத்திரையைக் குத்திவிட்டார். நிரந்தரச் சான்று கைக்கு வந்தது. பெட்டிக்காரி அதை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தாள்.

அதிகாரியும் வந்தார், டேப்போடு. அத்தையின் வாயிலிருந்து கவுண்டர் வரைக்கும் அளந்திருந்தார்.

"அறுபத்திரண்டு அடி" என்றார். "வயர் இல்லை. வெளியே ஆம்ப்ளிஃபயர் இல்லை. தன்னுள்ளே பலம். அம்மா, உங்களுக்கு உரிமம் இருக்கா?"

"எனக்கா?"

"குறைக்கிற திருகாவது இருக்கா?"

பெட்டிக்காரி அத்தையிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அதிகாரி அவள் கையிலிருந்த சான்றைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினார்: "இவ்வீட்டில் உரிமம் பெறாத வேறு ஒலிபெருக்கி எதுவும் இல்லை என்ற நிபந்தனையின் பேரில் மட்டுமே இது செல்லும்."

தெருவில் நின்ற நூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்களுக்கு இல்லாமல் அடுத்தவருக்கு வந்த விதி எப்போதும் தமாஷாகத்தான் இருக்கும்.

அதிகாரி திரும்பி அவர்களைப் பார்த்தார். டேப்பின் நுனியைத் தரையில் வைத்து, நிதானமாக நடந்து, தெருக்கோடி வரைக்கும் இழுத்தார். சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது.

"எல்லாருக்குமே தன்னுள்ளே பலம். உரிமத்துக்கு வரிசையா வாங்க" என்றார், டோக்கன் கட்டைப் பிரித்தபடி. "அவசரமே இல்லை. நம்பர் வந்தா கூப்பிடுவாங்க. ரொம்பத் தெளிவாக் கேக்கும்."

நூறு தலைகளும் பெட்டிக்காரி பக்கம் திரும்பின. அத்தை இருநூற்று ஆறாம் எண்ணை வாங்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, மருமகளின் காதருகே குனிந்து கிசுகிசுத்தாள்:

"நான் உள்ள நிக்கிறேன். நீ வெளியில நின்னு கத்தறியா?"